சிங்கப்பூர் ஸ்லிங்கை வீட்டிலேயே கலப்பது எப்படி: பாட்டில் வாங்குவதிலிருந்து நுரை பொங்கும் தம்ளர் வரை

போன வருடம் மதுரையிலிருந்து என் பெரியம்மா மகன் சிங்கப்பூருக்கு வந்திருந்தான். வந்து இறங்கிய அன்றே கேட்டான்: “அண்ணே, இந்த ஊர் பேர்லயே ஒரு காக்டெயில் இருக்காமே, அதக் குடிக்காம ஊருக்குப் போனா எப்படி?” பார்களில் அதன் விலை எனக்குத் தெரியும். வீட்டிலேயே கலந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஜின், அன்னாசிச் சாறு, கொஞ்சம் சிவப்பு நிறம், இதில் என்ன இருக்கப்போகிறது?

நிறையவே இருந்தது. முதல் தம்ளர் இருமல் மருந்து மாதிரி வந்தது. இரண்டாவது லேகியம். மூன்றாவதில் நிறம் சரியாக வந்தது, நுரை வரவில்லை. தவறான பாட்டில்களுக்கே ஏறக்குறைய 130 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) போனது. அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவுதான் உருப்படியாக ஒரு தம்ளர் கொடுக்க முடிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருப்பவர்களை, அதிலும் இங்கே புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் நான் வாங்கியபோது கொடுத்தவை. கடைக்குக் கடை மாறும்.

1. எந்த ஸ்லிங் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வரலாற்றை நீட்டப் போவதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனால் இணையத்தில் பத்து செய்முறை பார்த்துப் பத்து விதமாகக் குழம்புவீர்கள்.

ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் வேலை பார்த்த நியாம் டோங் பூன் என்ற ஹைனானிய பார்டெண்டர் 1915-ல் இதை உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவதை மரியாதைக் குறைவாகப் பார்த்த காலம் அது. பார்வைக்குப் பழச்சாறு போல இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பில் கலந்தாராம். ஆனால் 1930-ல் லண்டன் சவோய் ஹோட்டலின் பெயரில் வெளிவந்த காக்டெயில் புத்தகத்தில் இதே பெயரில் இருக்கும் பானம் வேறு: ஜின், செர்ரி பிராந்தி, லெமன் சாறு, மேலே சோடா. அதில் அன்னாசியே கிடையாது.

ஆக ஒரே பெயரில் இரண்டு பானங்கள் இருக்கின்றன. சோடா ஊற்றுவது ஒரு குடும்பம், அன்னாசிச் சாறு ஊற்றுவது இன்னொரு குடும்பம். ஒன்றின் அளவை எடுத்து இன்னொன்றோடு கலந்தால் இரண்டும் கெடும். நான் முதலில் செய்த தவறு அதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அன்னாசி வகையைப் பற்றியது. லாங் பாரில் கொடுப்பதும், சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் பட்டியலில் இருப்பதும் இந்த வகைதான். ஒரு தம்ளருக்கு அளவு இது:

ஜின் 30 மில்லி
செர்ரி லிக்கர் (லிக்கர் என்பது இனிப்பும் வாசமும் சேர்த்த மது) 15 மில்லி
குவாந்த்ரோ என்னும் ஆரஞ்சு லிக்கர் 7.5 மில்லி
பெனடிக்டின் என்னும் மூலிகை லிக்கர் 7.5 மில்லி
அன்னாசிச் சாறு 120 மில்லி
எலுமிச்சைச் சாறு 15 மில்லி
கிரெனடின் என்னும் மாதுளைப் பாகு 10 மில்லி
அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாரம் ஒரு உதறல்

இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

2. முடிந்தால் ஒரு முறை லாங் பாரில் குடித்துப் பாருங்கள்

சாம்பாரே சாப்பிடாதவருக்குச் சாம்பார் வைக்கச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். இதுவும் அப்படித்தான். எந்தச் சுவையைத் தேடுகிறோம் என்று நாக்குக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நான் போனபோது ஒரு தம்ளர் 37 வெள்ளி. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று போட்டிருந்தால் கவனியுங்கள். அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 20 விழுக்காடு ஏறும். 37 வெள்ளி என்பது கையை விட்டுப் போகும்போது 44 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பேர் போனால் 90 வெள்ளி எடுத்து வையுங்கள்.

வார நாளில் மதியம் போங்கள். வெள்ளி, சனி மாலைகளில் வரிசை நீளும். எஸ்பிளனேடு, சிட்டி ஹால் இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையங்களிலிருந்தும் நடந்தே போகலாம். உள்ளே மேசையில் வேர்க்கடலை இருக்கும். உரித்த தோலைத் தரையிலேயே போடுவது அந்த இடத்து வழக்கம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் கை முதலில் தயங்கும். மேலே பனையோலை விசிறிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும்.

குடிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மேலே நிற்கும் நுரை எவ்வளவு கனம்? முதல் வாயில் தெரிவது இனிப்பா, புளிப்பா? விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கும் மூலிகை வாசம் எப்படி இருக்கிறது? அந்த மூலிகை வாசம் பெனடிக்டின், பிட்டர்ஸ் இரண்டின் வேலை. வீட்டில் கலக்கும்போது நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

3. வயது, அடையாளச் சான்று, விற்பனை நேரம்

சிங்கப்பூரில் மது வாங்கவும் பாரில் குடிக்கவும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முகம் இளமையாக இருந்தால் சான்று கேட்பார்கள். சுற்றுலாவில் வந்திருப்பவர் கடப்பிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது. இங்கே வேலை செய்பவருக்கு வேலை அனுமதி அட்டை போதும். சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளச் செயலியில் இருக்கும் மின்னட்டையையும் காட்டலாம்.

நேரம்தான் புதியவர்கள் பலரும் சறுக்கும் இடம். 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது. அதே நேரத்தில் பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. முதல் முறை பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம். வீட்டுக்குள் எந்த நேரமும் குடிக்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் பொது இடம். “நம்ம புளோக்தானே” என்று தம்ளரோடு கீழே இறங்காதீர்கள்.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதே தடை. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் பாட்டில் வாங்குவதானால் வார நாளிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கார் இருந்தால் அன்று சாவியைத் தொடாதீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 விழுக்காடு ஜின் ஊற்றினால் மேலே சொன்ன அளவில் தூய ஆல்கஹால் சுமார் 22 மில்லி, எடையில் 17 கிராம். சிங்கப்பூரில் ஒரு வழக்கமான மது அளவு என்பது 10 கிராம். பழச்சாறு போல இறங்கும் இந்த ஒரு தம்ளர் ஏறக்குறைய இரண்டு அளவுக்குச் சமம். தாகத்துக்குக் குடிப்பது போல மடமடவென்று குடிப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

4. பாட்டில்கள்: எதை வாங்குவது, எதில் ஏமாறுவது

என் பணம் போனது இந்தப் படியில்தான். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

*ஜின்.* ‘லண்டன் டிரை’ என்று போட்ட எதுவும் சரி. பீஃபீட்டர், கார்டன்ஸ், டாங்கரே எதுவானாலும் வேலை நடக்கும். நான் வாங்கியது 700 மில்லி, 58 வெள்ளி. விலை உயர்ந்த ஜின் இதில் வீண், அத்தனை சாறுக்கு நடுவே அதன் நுணுக்கம் தெரியாது. இளஞ்சிவப்பு ஜின், பழவாசனை ஜின் இரண்டையும் தவிருங்கள்.

*செர்ரி.* செய்முறைகளில் ‘செர்ரி பிராந்தி’ என்று இருக்கும். நான் அதை அப்படியே கடையில் கேட்டேன். கடைக்காரர் தண்ணீர் போலத் தெளிவான ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அது கிர்ஷ். செர்ரிப் பழத்தைப் புளிக்கவைத்து வடித்த மது, துளி இனிப்பு கிடையாது, 40 விழுக்காடு காரம். நமக்கு வேண்டியது அடர்சிவப்பில் இனிப்பாக இருக்கும் செர்ரி லிக்கர். டென்மார்க்கின் ஹீரிங் என்ற பாட்டில்தான் பெரும்பாலும் சொல்லப்படுவது. அதில் ஆல்கஹால் 24 விழுக்காடு. எந்த நிறுவனமாக இருந்தாலும் இரண்டு சோதனை போதும்: நிறம் சிவப்பா, லேபிளில் ஆல்கஹால் 20 முதல் 25 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா? விலை 62 வெள்ளி.

*குவாந்த்ரோ.* ஆரஞ்சுத் தோல் வாசம் தரும் லிக்கர். 64 வெள்ளி. தம்ளருக்கு 7.5 மில்லிதான் போகிறது என்பதால் ‘டிரிபிள் செக்’ என்ற பெயரில் விற்கும், விலை குறைந்த வேறு ஆரஞ்சு லிக்கர் வாங்கினாலும் பெரிய குறை தெரியாது. நீலநிற குராசோ மட்டும் வேண்டாம், பானத்தின் நிறம் சாம்பல் தட்டிப்போகும்.

*பெனடிக்டின்.* இதற்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். “டிஓஎம்தானே? என் மகள் பிள்ளை பெத்தப்ப வாங்கினது” என்றார். இங்குள்ள சீனக் குடும்பங்களில் பிரசவம் முடிந்த பெண்களுக்குப் பத்தியச் சமையலோடு இதைக் கொஞ்சம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனால் ‘பெனடிக்டின்’ என்று கேட்டுக் கிடைக்காத கடையில் ‘டிஓஎம்’ என்று கேட்டால் கிடைக்கும். பேரங்காடியிலும் சீன மருந்துக் கடையிலும் பாருங்கள். எனக்கு 68 வெள்ளி ஆனது. ஒரு எச்சரிக்கை: ‘பி அண்டு பி’ என்று கிட்டத்தட்ட அதே உருவத்தில் இன்னொரு பாட்டில் பக்கத்திலேயே நிற்கும். அது பெனடிக்டினோடு பிராந்தி கலந்தது. லேபிளை முழுதாகப் படித்துவிட்டு எடுங்கள்.

*அங்கோஸ்துரா பிட்டர்ஸ்.* லேபிள் காகிதம் பாட்டிலைவிடப் பெரிதாகக் கழுத்து வரை ஏறி நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். 28 வெள்ளி. பல வருடம் வரும்.

ஐந்தும் சேர்ந்து 280 வெள்ளி. கணக்கு பயமுறுத்துகிறது, தெரியும். ஆனால் முழு பாட்டில் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. 50 மில்லி குட்டி பாட்டில்களில் குவாந்த்ரோவும் சில கடைகளில் டிஓஎம்மும் கிடைக்கின்றன. 50 மில்லியில் ஆறு தம்ளர் கலக்கலாம். ஆறு பேர் கூடும் ஒரு மாலைக்குக் குட்டி பாட்டில் ஒவ்வொன்று போதும். நான் இது தெரியாமல்தான் பெரிய பாட்டில்களாக வாங்கி அடுக்கினேன்.

5. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் கவனிக்க

“விமான நிலையத்தில் வரியில்லாமல் வாங்கிக்கலாமே” என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்கள் விதியை முழுதாகச் சொல்வதில்லை.

வரிவிலக்கு கிடைக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வரக் கூடாது. ஜொகூர் போய்த் திரும்பும்போது ஒரு பாட்டில் எடுத்து வந்தாலும் வரி உண்டு.

மொத்தம் 2 லிட்டர் அனுமதி என்பது உண்மைதான். ஆனால் அதில் வடித்த மது 1 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மீதி ஒயினாகவோ பீராகவோ இருக்க வேண்டும். ஜின் மட்டுமல்ல, குவாந்த்ரோ, பெனடிக்டின், செர்ரி லிக்கர் எல்லாமே அந்த 1 லிட்டர் கணக்கில்தான் வரும். 700 மில்லி ஜின்னும் 700 மில்லி பெனடிக்டினும் எடுத்தால் 1.4 லிட்டர், வரம்பு தாண்டிவிட்டது. கணவனும் மனைவியுமாக வந்தால் ஆளுக்கு ஒன்று எடுக்கலாம்.

வரம்பு தாண்டினால் மறைக்காமல் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். வரி அப்படியொன்றும் தலைபோகிற தொகை இல்லை. தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காட்டு 700 மில்லி பாட்டிலில் தூய ஆல்கஹால் 0.28 லிட்டர், வரி 24 வெள்ளி 64 காசு. அதற்கு மேல் பொருள், சேவை வரி. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் ஆவணம். சொல்லாமல் பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் கட்ட வேண்டியது இதைப் போலப் பல மடங்கு.

6. சாறுகள்: பானத்தின் உயிர் இங்கேதான்

பாட்டில்களைப் பற்றி அவ்வளவு சொன்னேன். ஆனால் தம்ளரில் பாதிக்கு மேல் இருப்பது அன்னாசிச் சாறு.

டப்பாவில் வரும் சாறு வேண்டாம். மூன்றாம் முறை நுரை வராமல் போனதற்கு அதுதான் காரணம். புதிதாகப் பிழிந்த சாற்றைக் குலுக்கினால் தானாக நுரை கட்டும், முட்டை வெள்ளைக்கரு எதுவும் தேவையில்லை. காய்கறி, மீன் விற்கும் ஈரச் சந்தையில் பழம் 3 வெள்ளிக்குக் கிடைத்தது. அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள், இனிப்பு வாசம் வர வேண்டும். புளித்த வாடை வந்தால் அது தாண்டிவிட்ட பழம். சரவாக் அன்னாசி கிடைத்தால் அதையே எடுங்கள். கடைக்காரரிடம் தோலையும் கண்ணையும் சீவிக் கொடுக்கச் சொன்னால் செய்து தருவார்.

துண்டு போட்டு, தண்ணீர் சேர்க்காமல் மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கண் உள்ள வடிகட்டியில் வடியுங்கள். மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்தால் சாறு தெளிந்துவிடும், நுரை குறையும். ஒரு நடுத்தரப் பழத்தில் எனக்கு 380 மில்லி வந்தது, மூன்று தம்ளருக்குச் சரி. கலப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் பிழிந்து குளிரில் வைத்தால் போதும். முதல் நாளே பிழிந்து வைத்ததில் வாசம் போயிருந்தது.

எலுமிச்சை நம் ஊர் வகையே சரி. இங்கே கலமான்சி என்று குட்டியாகக் கிடைப்பது வேறு பழம், ஆரஞ்சு வாசம் கலந்திருக்கும். மஞ்சள் லெமனும் இதற்கு வேண்டாம். ஒரு தம்ளருக்கு ஒரு பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிரெனடின். பேரங்காடியில் கிடைத்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: சர்க்கரைப் பாகு, சாயம், எசென்ஸ். மாதுளையே இல்லை. என் முதல் தம்ளரை இருமல் மருந்தாக்கியது இதுதான். வீட்டில் செய்வது கால் மணி நேர வேலை. இரண்டு மாதுளையை உதிர்த்து மிக்சியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். விதை அரைபட்டால் கசக்கும். வடிகட்டிய சாறு 200 மில்லி என்றால் சர்க்கரை 200 கிராம். சிறு தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் கிளறி இறக்குங்கள். கொதிக்கவிட்டால் பழவாசம் போய்ப் பாகு வாசம் வந்துவிடும். ஆறியதும் நாலு சொட்டு எலுமிச்சை விட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிரில் வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும்.

7. சாமான்

குலுக்கும் பாத்திரம் 500 மில்லிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு தம்ளருக்கு 205 மில்லி திரவம், அதோடு ஐஸ், குலுங்க இடமும் வேண்டும். 350 மில்லி பாத்திரத்தில் நிரப்பினால் நுரை கட்ட இடம் இருக்காது. இறுக்கமான மூடி உள்ள பெரிய எவர்சில்வர் டப்பாவிலும் செய்திருக்கிறேன், நன்றாகவே வந்தது. தம்ளர் உயரமாக, 350 முதல் 400 மில்லி பிடிப்பதாக இருக்க வேண்டும். 30, 60 மில்லி அளவுக் குவளை ஒன்று. ஐஸ் பெரிய கட்டிகளாக, நினைப்பதைவிட இரண்டு மடங்கு.

8. மதுவை முன்னதாகவே சேர்த்து வையுங்கள்

இந்தப் பானத்தில் எல்லோரையும் கவிழ்ப்பது அந்த 7.5 மில்லி. ஒன்றரைத் தேக்கரண்டி. கை கொஞ்சம் சாய்ந்தால் 15 ஆகிவிடும், பெனடிக்டின் இரட்டித்தால் லேகியம்தான். விருந்தாளிகள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஆறு முறை 7.5 மில்லி அளப்பது நடக்காத காரியம்.

ஒரு நாள் தாளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. 30, 15, 7.5, 7.5. நாலும் சேர்ந்தால் சரியாக 60 மில்லி! அளவுக் குவளையின் பெரிய பக்கம் ஒன்று. விகிதம் 4:2:1:1. அவ்வளவுதான். முதல் நாளே நாலு மதுவையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்துவிட்டால் மறுநாள் தம்ளருக்கு 60 மில்லி ஊற்றிக்கொண்டே போகலாம்.

ஆறு பேருக்கு: ஜின் 180, செர்ரி லிக்கர் 90, குவாந்த்ரோ 45, பெனடிக்டின் 45. மொத்தம் 360 மில்லி. இது வெறும் மது என்பதால் கெட்டுப்போகாது, வாரக்கணக்கில் இருக்கும். சாறை மட்டும் இதில் சேர்த்து வைத்துவிடாதீர்கள். பாட்டிலில் தேதியும் ‘60 மில்லி’ என்ற அளவும் எழுதி ஒட்டுங்கள். நிறத்தைப் பார்த்து வீட்டில் யாராவது சர்பத் என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடானால் உயரத்தில் வையுங்கள்.

9. குலுக்கும் முறை

தம்ளரை முன்பே குளிரில் வைத்திருங்கள். அன்னாசிச் சாற்றை ஒரு கரண்டி ருசி பாருங்கள். நல்ல இனிப்பு என்றால் எலுமிச்சை 15 மில்லி. பழமே புளிப்பு என்றால் 10 போதும்.

குலுக்கும் பாத்திரத்தில் முன்கலவை 60, அன்னாசி 120, எலுமிச்சை 15, மாதுளைப் பாகு 10. பிட்டர்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து ஒரே உதறல். கடைசியாக ஐஸ். முதலிலேயே ஐஸ் போட்டுவிட்டு அளந்துகொண்டிருந்தால் அது உருகித் தண்ணீர் காட்டும்.

மூடியை அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து 15 விநாடி. மெதுவாக ஆட்டாதீர்கள், ஐஸ் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் மோத வேண்டும். முதலில் கடகடவென்று கேட்கும் சத்தம் பத்து விநாடியில் அமுங்கி, பஞ்சுக்குள் கேட்பது போல ஆகும். உள்ளே நுரை கட்டிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பாத்திரத்தின் வெளிப்பக்கம் பனி பூத்து விரல் ஒட்டும். உடனே, தம்ளரில் புது ஐஸ் போட்டு வடிகட்டி ஊற்றுங்கள். கடைசி இரண்டு கரண்டியளவு கெட்டி நுரையாக இறங்கும், அதற்காகப் பாத்திரத்தை நன்றாக உதறுங்கள். கீழே செம்மண் கலந்த ரோஜா நிறம், மேலே ஒரு விரல் கனத்துக்கு வெளிர் நுரை. ஓரத்தில் ஒரு அன்னாசித் துண்டு, ஒரு செர்ரி.

அந்த நுரை ஐந்து நிமிடம் நிற்கும். அதனால் ஆறு தம்ளரையும் கலந்து வரிசையாக வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் குலுக்குங்கள்.

மது குடிக்காதவருக்கு 60 மில்லி முன்கலவைக்குப் பதில் சோடா. குலுக்கி முடித்த பிறகு, தம்ளரில்தான் ஊற்ற வேண்டும். மூடிய பாத்திரத்தில் சோடாவைக் குலுக்கினால் மூடி தெறிக்கும்.

10. செலவும் காலமும்

ஒரு தம்ளருக்கு எனக்கு ஆன கணக்கு: ஜின் 2.50, செர்ரி 1.35, குவாந்த்ரோ 70 காசு, பெனடிக்டின் 75 காசு, அன்னாசி 1 வெள்ளி, எலுமிச்சை, மாதுளை, பிட்டர்ஸ் எல்லாம் சேர்த்து 80 காசு. ஏறக்குறைய 7 வெள்ளி. வரியோடு 44 வெள்ளி கொடுப்பதோடு ஒப்பிட்டால் 280 வெள்ளி முதலீடு எட்டாவது தம்ளரில் திரும்பிவிடும். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு தம்ளர்தான் குடிப்பேன் என்பவர் பாட்டில் வாங்க வேண்டாம். லாங் பாருக்கே போங்கள், அதுதான் லாபம்.

சனிக்கிழமை மாலை விருந்து என்றால் நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது. புதன்கிழமைக்குள் பாட்டில்கள். வியாழக்கிழமை ஐஸ் தட்டுகளை நிரப்பி, உறைந்ததும் பையில் கொட்டி மறுபடி நிரப்புவது. வெள்ளி இரவு மாதுளைப் பாகும் முன்கலவையும். சனி காலை ஈரச் சந்தை, பத்து மணிக்கு மேல் போனால் நல்ல அன்னாசி இருக்காது. மாலை நாலரைக்குச் சாறு பிழிவது. ஆறரைக்கு முதல் தம்ளர்.

11. மிஞ்சிய பாட்டில்கள்

ஜின், குவாந்த்ரோ, பெனடிக்டின் மூன்றும் அலமாரியில் வெயில் படாமல் நின்றால் போதும். செர்ரி லிக்கரில் ஆல்கஹால் குறைவு, இனிப்பு அதிகம். திறந்த பிறகு குளிரில் வைத்து ஒரு வருடத்துக்குள் முடியுங்கள். மூடியை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை இறுகித் திறக்க வராது.

எது முதலில் தீரும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 700 மில்லி ஜின்னில் 23 தம்ளர்தான் வரும். செர்ரியில் 46. குவாந்த்ரோவும் பெனடிக்டினும் 93 தம்ளர் வரை போகும். ஜின் தீர்ந்ததும் பழக்கதோஷத்தில் நாலையும் மறுபடி வாங்கிவிடாதீர்கள், ஜின்னை மட்டும் வாங்குங்கள். என் வீட்டில் மூன்றாவது ஜின் ஓடுகிறது. டிஓஎம் பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டு ஆண்ட்டியின் இரண்டாவது மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், அதில் ஒரு பங்கு அவர்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.